அக்கா வாசலுக்கு நான் வைத்த நிலைப்படி

என் அக்கா சலவைக் கடையில் நின்றே இஸ்திரி போட்டுத் தேய்ந்தவள். வலது காலை இழுத்துத்தான் நடப்பாள். யாரிடமும் கை நீட்ட மாட்டாள். மழைத் தண்ணீர் அவள் அறைக்குள் வருகிறது என்றதும், மேஸ்திரி நான் சும்மா இருப்பேனா? மூன்றாவதோடு பள்ளியை விட்டு, தெருத் தெருவாக வீடு கட்டியவன். சிமெண்ட் தரையில் துளை போட்டு, பிளக் அடித்து, உயரமான மர நிலைப்படி ஒன்றைத் திருகாணியால் முடுக்கினேன்.

"யானை மோதினாலும் அசையாது" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னேன். அக்கா சிரித்தாள்.

அடுத்த மழைக்குப் பிறகு போனேன். உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. என்னைப் பார்த்து வாசலுக்கு வந்த அக்கா, சுவரில் சாய்ந்து குனிந்து, தன் காலை இரண்டு கையாலும் தூக்கிப் படிக்கு இந்தப் பக்கம் வைத்தாள்.

"ஏன்க்கா சொல்லல?"

"ஊரெல்லாம் பீத்திக்கிட்டு இருந்த. அதை ஏன் கெடுக்கணும்? தண்ணியும் உள்ள வரல, நானும் வெளிய வரல."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அன்றே படியைக் கழற்றி, உயரத்தைப் பாதியாக அறுத்து, இருபுறமும் சரிவாக இழைத்துப் பொருத்தினேன். அக்கா காலை இழுத்தபடியே கடந்து பார்த்தாள்.

"நல்லாருக்குடா. யார் வச்சதுன்னு கேட்டா?"

"யாரோ ஒரு மேஸ்திரின்னு சொல்லுக்கா."