தம்பிக்கு நெறி கட்டிய வாரம்

அறுபதுகளின் நடுவில் நாங்கள் பூந்தமல்லியில் குடியிருந்தோம். அப்பாவுக்கு நசரத்பேட்டையில் லாரி ஒர்க்‌ஷாப்பில் வேலை. கோலாரிலிருந்து வந்த லாரியில் சாக்குக்கு அடியில் ஓர் எலி செத்துக் கிடந்ததாக, ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

அம்மா பிறந்து வளர்ந்தது கோலார்ப் பக்கம். அவள் சிறுமியாக இருந்தபோது அங்கே பிளேக் வந்தது. முதலில் எலிகள் செத்து விழுமாம். பிறகு மனிதர்களுக்குத் தொடை இடுக்கில் நெறி கட்டுமாம். நோயாளிகளைத் தேடி வந்த அதிகாரியிடம், குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த தன் தம்பியைக் காட்டிக்கொடுத்தது அம்மாதான். ஊருக்கு வெளியே கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பவில்லை.

அந்த வாரமே என் தம்பிக்குக் காய்ச்சல். ஆறு வயது. தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு நெறி. உள்ளங்காலில் முள் குத்திய புண் சீழ் பிடித்திருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போனா புள்ளைய இட்டுகினு பூடுவாங்க. யார் கேட்டாலும் வாயத் தொறக்காத" என்றாள் அம்மா. அவள் அழுத அழுகையில் அப்பாவும் அடங்கிப்போனார்.

மூன்றாம் நாள் அம்மை குத்துகிறவர் வந்தார்.

"ஊட்ல யாருக்குனா ஜொரம் கீதா, பாப்பா?"

"யாருக்கும் இல்ல சார்."

பத்து வயதில் கூசாமல் சொன்னேன். சேலை மறைப்புக்குப் பின்னால் தம்பி முனகியது எனக்குக் கேட்டது.

ஐந்தாம் நாள் அவன் கண் செருகியது. அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார், பின்னாலேயே நான். அம்மாவுக்குக் கால் எழவில்லை. டாக்டர் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கத்தினார். "முள்ளு குத்தின புண்ணுய்யா! சீழ் ரத்தத்துல கலந்துடுச்சு. ரெண்டு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" சாயங்காலம் தம்பி போய்விட்டான். டாக்டர் சொன்னதை நாங்கள் இருவரும் வீட்டில் சொல்லவில்லை. பிளேக் என்றே அம்மா நம்பினாள்.

எழுபதுகளில் கல்லூரி ஆய்வகத்தில் பிளேக் கிருமியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். இரண்டு முனையும் அடர்ந்து, நடு வெளுத்து, மூடிய ஊக்கு மாதிரி இருந்தது. எலியின் தெள்ளுப்பூச்சிக்குள் உட்கார்ந்து, கப்பலேறிப் போய், ஊர் ஊராகக் காலி செய்தது இத்துனூண்டுதானா என்று ஆத்திரமாக வந்தது. என் தம்பியை அது தொடக்கூட இல்லை. தொட்டிருந்தாலும், அவன் பிறப்பதற்கு முன்பே அதைக் குணமாக்கும் ஊசி மருந்து வந்துவிட்டிருந்தது. அன்றுதான் அது எனக்குத் தெரிந்தது. பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன்.

வீட்டில் அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். பிளேக் கிருமியைப் பார்த்தேன் என்றேன். அவள் நிமிரவில்லை.

"அதுக்கு அப்போ மருந்தே கெடையாது, இல்ல?"

"கெடையாதும்மா" என்றேன்.