மோரி தெரியாத படம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், எங்கள் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "மோரிக்கு மேக்கப் போட்டாச்சா?" என்று கேட்பார். ஊரில் உள்ளவர்கள் படமெடுக்க அல்சூர் ஏரிக்கரைக்குப் போவார்கள். நான் மர்பி டவுன் சந்துகளுக்குள் நுழைந்து, வீடுகளுக்கு முன்னால் ஓடும் பெரிய கால்வாயைப் படம் பிடிப்பேன். அரசாங்கப் பலகையில் அதற்கு ராஜகாலுவே என்று பெயர். எங்களுக்கு அது மோரி.

அதில் அப்படி என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். மழை பெய்த மறுநாள் வந்து பார்க்க வேண்டும். நுங்கும் நுரையுமாகத் தண்ணீர் ஓடும். கம்பித் தடுப்பு நெடுகப் போர்வைகள் காயும். எதிர்க்கரையில் இரண்டு கொக்குகள் நிற்கும். எனக்கு அந்த மோரியின் மேல் ஆசை, நாற்றத்தோடு சேர்த்துத்தான்.

மோரியின் மேல் போட்ட கற்பலகையைத் தாண்டினால் ஒரு மாடி வீடு. அந்த வீட்டம்மா பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருக்கிறார். என்னைப் பார்த்தால் டீ கொடுக்காமல் விடமாட்டார். ஒரு பங்குனிக் காலையில் டீயோடு ஒரு வேலையும் கொடுத்தார்.

"அக்கா, எங்க வீட்ட ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. மோரி மட்டும் தெரியக் கூடாது."

மகளுக்கு நீலசந்திராவிலிருந்து வரன் வந்திருந்தது. பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துப்போய்விட்டது. பையனின் அம்மா வீட்டுப் படம் அனுப்பச் சொல்லியிருந்தார். முன்பு பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் கற்பலகையில் கால் வைத்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டது. காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். அன்று மகள் அழுததை அவர் மறக்கவில்லை. இதுவும் தட்டிப்போய்விடுமோ என்ற பயம் முகத்தில் அப்படியே தெரிந்தது. மோரிக்காக எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தாலும் மறுக்க மனம் வரவில்லை.

தெருவிலிருந்து எடுத்தால் பாதிப் படம் மோரி. கற்பலகையில் நின்று எடுத்தால் கதவு மட்டும்தான் விழுந்தது. அரைமணி நேரம் அங்குமிங்கும் அலைந்த பிறகுதான் புத்தியில் பட்டது. மோரி தெரியக் கூடாது என்றால் மோரிக்குள்தான் நிற்க வேண்டும். வெயில் காலத்தில் நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் ஓடும். சுடிதாரை முழங்கால்வரை ஏற்றிவிட்டுக்கொண்டு, பக்கச் சுவரில் பதித்த இரும்புப் படிகளில் இறங்கினேன். கேமராவை முகத்துக்கு நேராகப் பிடித்தபோது அது சரியாகத் தெரு மட்டத்துக்கு வந்தது.

படத்தில் வீடு கம்பீரமாக நின்றது. ஒற்றை மாடி, இரண்டு மாடி போல உயர்ந்திருந்தது. அவர் மூன்று முறை பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் செருப்பைத் தேய்த்துக் கழுவப் போனேன்.

அடுத்த ஞாயிறு அவர் போனை நீட்டினார். மாப்பிள்ளை வீட்டாரும் தங்கள் வீட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். வீட்டம்மாவுக்கு அதில் சந்தோஷம் இல்லை. இவ்வளவு பெரிய வீட்டுக்காரர்கள் நேரில் வந்து மோரியைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ என்று கவலைப்பட்டார்.

நான் படத்தைப் பார்த்தேன். கண்ணுக்கு நேராக வாசற்படி. பால்கனியின் அடிப்பக்கம். கீழ் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சிமெண்ட் விளிம்பு. இதை எங்கே நின்று எடுத்திருப்பார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? நான் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டி, விஷயத்தைச் சொன்னேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பாவம்க்கா," என்றார். "அந்தம்மாவும் என்ன மாதிரியே பயந்துகினு இருந்திருக்காங்க."

அன்றைக்கே கற்பலகையின் நடுவில் அம்மாவையும் மகளையும் நிற்க வைத்து, மோரி முழுதாக விழும்படி ஒரு படம் எடுத்தேன். அதை அனுப்பிவிட்டு, டீ ஆறுவதுகூடத் தெரியாமல் மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் பதிலுக்கு ஒரு படம் வந்தது. அதே வீட்டு வாசலில் ஒரு அம்மா வெட்கச் சிரிப்போடு நின்றிருந்தார். அவருக்கு முன்னால் ஓடிய மோரி எங்களுடையதைவிட அகலம்.