நாளைக்கு அக்காவுக்கு ஒரு நாள் லீவு

அக்கா தையல் கடை வைத்திருக்கிறாள். தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. சொன்ன நாளில் கொடுப்பதில்தான் கோளாறு. யார் எப்போது வந்து கேட்டாலும் "நாளைக்கு வாங்க" என்பாள். தெருவில் அவளுக்கு நாளைக்கு அக்கா என்றே பெயர். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. இல்லை, முடியாது என்ற இரண்டு வார்த்தையும் அவள் வாயில் வராது, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவள் கடல் கடந்து தங்கை வீட்டுக்கு வந்தபோது கடைக் கதவில் ஒரு அட்டையாவது தொங்கவிட்டு வந்திருக்க வேண்டாமா? ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, வாடிக்கைக்காரர் ஒருத்தரிடமும் மூச்சு விடாமல் விமானம் ஏறிவிட்டாள். சொன்னால் எல்லோரும் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்களாம்.

தங்கைக்கு ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு மடித்து அடுக்க வேண்டும். மேற்பார்வையாளரிடம் மல்லுக்கட்டி அவளால் வாங்க முடிந்தது ஒரே ஒரு நாள் லீவு. மற்ற நாட்களில் அவள் களைத்து வீடு திரும்பும்போதெல்லாம் அக்கா எதையாவது தைத்துக்கொண்டிருந்தாள். முதலில் தங்கையின் பேன்ட்டுகளை இடுப்பில் பிடித்தாள்; அப்புறம் திரைச்சீலைகள்; அதுவும் தீர்ந்ததும் பக்கத்து வீட்டுக்காரியின் கோட்டு. ஒன்பது வருஷம் கழித்துப் பார்க்கிற அக்கா தங்கைக்குள் பேச்சு என்று ஒன்று நடக்கவே இல்லை. இந்த ஒரு நாளாவது அவளைப் பிடித்து உட்காரவைத்து வாய் வலிக்கப் பேசிவிட வேண்டும். அதற்காகத்தான் கேபிள் கார். நடுவானில் தொங்குகிற பெட்டியிலிருந்து எழுந்துபோய் யாருக்கும் கோட்டுத் தைக்க முடியாதல்லவா.

கதவு சாத்திப் பெட்டி தரையை விட்டுக் கிளம்பியதுதான் தாமதம், அக்காவின் போன் அடித்தது.

"சொல்லுங்கம்மா. ஆமா, தெச்சாச்சு. ஹெம்மிங் மட்டும்தான் பாக்கி. இப்பவா? இப்ப கரண்ட் இல்லையே."

கீழே மரங்கள் குட்டியாகிக்கொண்டே போயின. "அக்கா, அங்க பாரு" என்றாள் தங்கை. பொறு என்று அக்கா கை காட்டினாள். ஒன்று முடிந்தால் இன்னொன்று. ஒருத்தியின் துணி சாயத்துக்குப் போயிருந்தது. இன்னொருத்தியின் முறை வந்தபோது மெஷின் பெல்ட் அறுந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த வயதான தம்பதி பனி மூடிய சிகரத்தைக் காட்டிச் சிரித்தார்கள். அக்காவும் பதிலுக்குச் சிரித்துத் தலையாட்டியபடியே யாரிடமோ கை நீளம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போனை அணைச்சுத் தொலையேன்."

"அணைச்சா சந்தேகம் வந்துரும்டி."

"வரட்டுமே. ஊர்ல இல்லன்னு சொன்னா என்ன, தலையா போயிடும்?"

"அடுத்தவங்க மனசு சங்கடப்படுமில்ல."

அந்த அடுத்தவங்க வரிசையில் தான் எங்கே நிற்கிறோம் என்று கேட்கத் தங்கை வாயெடுத்தாள். அதற்குள் மறுபடியும் போன்.

"வாசல்லயே நிக்கிறீங்களா? அட, நான் பக்கத்துலதான் இருக்கேன். அஞ்சு நிமிஷம் நில்லுங்க, வந்துர்றேன்."

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். உச்சிக்குப் போய்ச் சேரும்வரை அவள் அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை.

மேலே கதவு திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. தங்கை ஒரு பெஞ்சில் கிடந்த பனியைத் தட்டிவிட்டு உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து இரண்டு டீ ஊற்றினாள். அக்கா நின்றபடியே அடுத்த அழைப்பை எடுத்தாள். பாதிப் பேச்சில் போன் செத்துப்போனது. குளிருக்குச் சார்ஜ் மொத்தமாக இறங்கிவிட்டது. கடவுள் இருக்கிறார் என்று தங்கை நினைத்துக்கொண்டாள்.

"உன் போனைக் குடுடி."

"மாட்டேன்."

"ஒரே ஒருத்திக்கு. பாவம், வாசல்ல நில்லுன்னு சொல்லிட்டேன். இந்தத் தடவ நெஜத்தைச் சொல்லிடறேன், சத்தியமா."

அக்காவின் முகம் உண்மையாகவே வாடியிருந்தது. தங்கை வேண்டாவெறுப்பாகப் போனை நீட்டினாள். அக்கா கையுறையைக் கழற்றி இரண்டு மூன்று எண்களைத் தட்டினாள், அழித்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு விறுவிறுவென்று முழு எண்ணையும் போட்டுக் காதில் வைத்தாள்.

"பிஸின்னு வருது."

தங்கை எட்டிப் பார்த்தாள். "இது என் நம்பர்க்கா. இந்த போனோட நம்பர்."

அக்கா அசடு வழிந்தாள். "மத்தவங்க நம்பரெல்லாம் போனுக்குள்ளதானே கெடக்கு. மனப்பாடமாத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். பழக்கத்துல கை அதையே அடிச்சிருச்சு."

பழக்கமாம். வருஷத்துக்கு இரண்டு தடவை பேசினால் அதிகம். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது தங்கைக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"நீ எப்பக்கா எனக்கு அடிச்ச?"

"கடையை மூடிட்டுத் தெனமும் அடிப்பேன். நம்பர் முழுக்கப் போட்டுட்டு, ரிங் போறதுக்குள்ள கட் பண்ணிருவேன். உனக்கு அப்ப நடுராத்திரி. விடிஞ்சா வேலைக்குப் போற பொண்ணு, தூங்கட்டுமேன்னுதான்."

தங்கைக்குக் கோபம்தான் வந்தது. காலையிலிருந்து வந்ததையெல்லாம் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது. கண் கலங்கியது. அக்காவின் கையிலிருந்து போனைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள்.

"யாருக்கா தூங்குனா?" என்றாள்.