முன்சக்கரத்து டயர்

மலைமேல் பூண்டியிலிருந்து கேரட் ஏற்றும் என் பழைய பிக்கப்புக்கு டயர் மாற்ற, கீழே பழனிக்குப் போனேன். டயர்க்கடையில் அந்தக் காலத்து வெள்ளிநிறச் சக்கரங்களைப் பார்த்து மயங்கிவிட்டேன், பிள்ளைகளே. அவற்றை வாங்கினால் கையிலிருந்த பணத்துக்கு நான்கு புது டயரில் இரண்டுதான் கட்டுப்படியாகும்.

“பாரம் பின்னாடிதான பாய்? புதுசை அங்க போடுங்க. முன்னாடிக்கு, தேஞ்ச டயர்மேல புது ரப்பர் ஒட்டுன பழசு போதும்” என்றேன்.

கடைக்காரர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். முன்சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“கேரட்டு பின்னாடி இருக்கும், சரிங்கண்ணே. புள்ள எங்க இருக்கு? வளைவுல முன்டயர் வெடிச்சா வண்டி நம்ம சொல்லு கேக்குமா?”

மகளைத் திரும்பிப் பார்த்தேன். பழைய இரும்புச் சக்கரத்திலேயே நான்கு புது டயர்களையும் மாட்டச் சொன்னேன்.

மலையேறும்போது மேகம் சூழ்ந்து, வண்டி மிதப்பதுபோல இருந்தது. வளைவுக்கு வளைவு அவள் தலை என் தோளில் சாய்ந்தது, விழிக்கவே இல்லை. அப்பாவை நம்பித் தூங்குகிறவளைப் பாரத்தில் சேர்க்க நான் மறந்திருந்தேன்.