தலைவர் மகனுக்குப் போன ரோபோ

செவிலிமேட்டு வீட்டில் என் பிளாஸ்டிக் ரோபோவின் தோள்களுக்கு அரக்கு நிறம் அடித்துக்கொண்டிருந்தேன். தின்னர் வாடை ஏறியதும், வார்னிஷ் வாசம் போகாத பெரியப்பாவின் கண்ணாடி அலமாரி நினைவுக்கு வந்தது.

எனக்குப் பத்து வயதில், சிங்கப்பூர் மாமா ஒரு ரோபோ பெட்டி கொண்டுவந்தார். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பகுதிகளை வெட்டியெடுத்து நாமே பொருத்த வேண்டும். "ஃபாரின் சாமான், கொழந்த கையில தரலாமா?" என்று பெரியப்பா பிடுங்கி அலமாரியில் பூட்டினார். வருகிறவர்களிடம் தான் வாங்கியதாகவே பெருமையடித்துக்கொள்வார். நான் கண்ணாடியில் மூக்கை அழுத்தி, என்ன நிறம் அடிக்கலாமென்று யோசிப்பேன்.

ஒருநாள் கட்சித் தலைவர் ஒருவர் மகனோடு வந்தார். பையன் கையை நீட்டியதும் பெரியப்பா சாவியெடுக்க ஓடினார்.

"எடுத்துக்கபா, உனக்குன்னுதான் வச்சிக்கினு இருந்தேன்."

பையன் வாசலிலேயே பெட்டியைக் கிழித்து, சட்டத்திலிருந்த ரோபோவின் காலைப் பல்லால் கடித்துப் பிய்த்துத் துப்பினான். பெரியப்பா குனிந்து அந்த எச்சில் துண்டை எடுத்து, வேட்டியில் துடைத்து, இரு கையாலும் அவனிடம் நீட்டினார். எனக்கு வந்த அழுகை நின்றுவிட்டது. இந்த அற்ப மனிதருக்கா இத்தனை நாள் பயந்தோம் என்றிருந்தது.

"என்னம்மா, இந்த வயசுல பொம்மைக்குப் பெயின்ட் அடிச்சிக்கினு கீற?"

இன்று என்னைப் பார்க்க வந்திருந்த பெரியப்பா பின்னால் நின்றிருந்தார். நான் திரும்பவில்லை.

"தள்ளி நில்லுங்க பெரியப்பா, வெளிச்சம் மறைக்குது."