மிஷின் ஓடாத பல் ஆஸ்பத்திரி

பல் வைத்தியத் தொழிலில் ஒரு வசதி உண்டு. வருகிறவர் வாய் திறந்தே இருப்பதால் எதிர்த்துப் பேச முடியாது. தொண்ணூறுகளில் மயிலாப்பூரில் ஒரு டாக்டரம்மாவிடம் நான் உதவியாளராக இருந்தேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்த உங்களுக்குத் தெரியாதா? உள்ளே பல் குடையும் மிஷின் சத்தம் கேட்டதும் வலி போய்விடும், செருப்பைத் தேடுவோம்.

கரண்ட் போன சாயங்காலம்

ஆட்டோக்காரர் ஏழுமலை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கச் சொல்லி வந்தார். நாற்காலியில் சாய்ந்ததும் கரண்ட் போயிற்று. டாக்டரம்மா பதறவில்லை. என்னை டார்ச் பிடிக்கச் சொல்லி, சின்னக் கரண்டி போன்ற கருவியால் சொத்தையில் மெத்தென்று இருந்ததை மட்டும் சுரண்டி எடுத்தார். பிறகு நான் குழைத்துக் கொடுத்த, பல் அடைக்கும் சிமென்ட்டை வைத்து விரலால் அழுத்தினார். ஊசி இல்லை, வலி இல்லை. நான் அசந்துபோனேன். ஏழுமலைக்குத்தான் திருப்தியில்லை.

"இன்னா டாக்டரம்மா, மிஷினும் ஓடல, பல்லும் கையில வரல, அதுக்குள்ள எய்ந்திரின்றியே?"

பாதி தேய்த்த பாத்திரம்

கரண்ட் வந்த பிறகும் டாக்டரம்மா கரண்டியை விடவில்லை. மாடவீதி மாமி ஒருவருக்கு, நரம்பை ஒட்டியிருந்த சொத்தையைக் கொஞ்சம் தொடாமல் விட்டு மேலே அடைத்தார். "அதையும் சுரண்டினா நரம்பு வெளியே வந்துடும் மாமி. மூடிட்டா உள்ளே இருக்கற கிருமி தீனி இல்லாம அடங்கிடும்" என்றார்.

"பாதி தேச்ச பாத்திரத்தை யாராவது கவுத்து வெப்பாளோ?" என்று முணுமுணுத்துக்கொண்டே போன மாமி, சில மாதம் கழித்து மாமாவை இழுத்துக்கொண்டு வந்தார்.

"டாக்டர், இவருக்கும் பாதி தேச்சாப் போறும்."

ஏழுமலையின் பெண்

அடுத்து ஏழுமலை தன் மகள் செல்வியோடு வந்தார். ஏழு வயது. விழுந்தால் மறுபடி முளைக்காத பல்லில் சொத்தை. வேறோர் இடத்தில் மிஷினைப் பார்த்து மிரண்டவள், அதன்பின் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். "நாந்தான் அவ கைய அமுக்கிப் புடிச்சேன்" என்றார் ஏழுமலை. அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

டாக்டரம்மா மிஷினின் ஒயரைப் பிடுங்கி, பிளக்கைச் செல்வியின் மடியில் வைத்தார். "இது உங்கிட்டயே இருக்கட்டும்."

செல்வி பிளக்கைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள். மெதுவாக வாயைத் திறந்தாள். சொத்தை வந்தது, சிமென்ட் உள்ளே போயிற்று, பல் தங்கியது. நடுவில் ஏழுமலை, "வலிக்குதா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். செல்வி கையைக் காட்டி டாக்டரம்மாவை நிறுத்தினாள்.

"நைனா, நீ வெளிய குந்து. இங்க வேல நடக்குது."

பிடுங்கிய பல்லைக் காட்டிப் பேர் வாங்கிய டாக்டர்கள் உண்டு. எங்கள் டாக்டரம்மா பிடுங்காமல் விட்ட பற்களோ, இன்றும் எங்கெங்கோ நன்றி கெட்டு முறுக்கு கடித்துக்கொண்டிருக்கின்றன.