கூட்டலில் அடிக்கக் கூடாது

என் வீட்டில் ஆண்டவர் செய்ததை எனக்குள்ளேயே வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன ஆண்டு சாம்பல் புதனுக்கு மறுநாள். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு முன்னறையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த என் கணவர், கையில் சாக்பீஸோடு சரிந்தார். பக்கவாதம். உயிர் பிழைத்தார். வலது கையும் பேச்சும் போய்விட்டன.

கை போனதைத் தாங்கிக்கொண்டேன். பேச்சு போனதைத் தாங்க முடியவில்லை. "ஸ்டெல்லாம்மா, செத்த தண்ணி கொண்டா" என்று பாடத்தின் நடுவில் கூப்பிடுவார். அந்தக் குரலுக்குக் காது ஏங்கியது. குக்கர் விசில் அடங்கியதும், கூப்பிட்டாரோ என்று முன்னறைக்கு ஓடுவேன். அவர் கரும்பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தினமும் டைரியில் மாத்திரை, நடை, பேச்சு என்று குறிப்பேன். பேச்சுக்கு நேரே வெறும் கோடுதான்.

"ஆண்டவரே, அவர் வாயால் என் பெயரை ஒரு தடவை கேட்க வையும்." இதுவே என் செபம். மாதங்கள் போயின. செபமாலையைத் தொடவே மனம் வராத நாட்களும் இருந்தன.

பேச்சுப் பயிற்சி தருகிற மேடம், "அவருக்குப் பழகின வேலைய அவரு கண்ணு முன்னாடி செய்யுங்கம்மா" என்றார். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அவருடைய புத்தகத்தைத் திறந்து, முக்கோணவியலில் ஒரு முற்றொருமையைப் பலகையில் எழுதினேன். இடப்பக்கத்தை மட்டும் சுருக்கிக்கொண்டே போய் வலப்பக்கத்தைக் கொண்டுவர வேண்டும்.

சைன் பை காஸ், கூட்டல், காஸ் பை சைன். கீழே இருப்பதைப் பொதுவாக்கினேன். மேலே சைன் ஸ்கொயர் கூட்டல் காஸ் ஸ்கொயர் வந்தது. கீழே சைனும் காஸும் பெருக்கலில் நின்றன. மேலேயும் சைன், கீழேயும் சைன் இருக்கிறதே என்று இரண்டையும் கோடு போட்டு அடித்தேன்.

"அடிக்காதடி!"

என் கையிலிருந்த சாக்பீஸ் விழுந்தது.

"கூட்டல்ல... அடிக்கக் கூடாது!" முகம் சிவந்துவிட்டது அவருக்கு. இடது கையால் மேல் வரியைக் காட்டி, "ஒன்னு... ஒன்னு" என்றார். அடித்ததை அழித்துவிட்டு, அந்த வரி முழுவதற்கும் ஒன்று என்று எழுதினேன். வலப்பக்கத்தில் இருந்தது அப்படியே வந்து நின்றது.

பக்கத்து வீட்டு மெகர் அக்கா ஓடிவந்தார். "ஏம்மா, யாரு இந்தச் சத்தம் போடுறது?"

"எங்க சாருதான்க்கா. என்னையத் திட்டுறாரு."

"திட்டட்டும், நல்லாத் திட்டட்டும்! எம்புட்டு நாளு துவா கேட்டேன்!" அக்கா அழுதார். நானும் அழுதேன்.

இன்னும் முழுப் பேச்சு வரவில்லை. சோறு, தண்ணி, சில கணக்குச் சொற்கள். என் பெயர் வரவில்லை. அதற்காக இப்போதும் ஏங்குகிறேன். ஆனால் செபமாலை தவறுவதில்லை. முடிந்ததும் சாக்பீஸை எடுக்கிறேன். என்னைப் போலக் காத்திருப்பவர்களே, கேட்டபடி வரவில்லை என்று செபத்தை விட்டுவிடாதீர்கள். எனக்கு வந்த பதில் ஒரு திட்டு. அதற்குக் கோடி நன்றி ஆண்டவருக்கு.

நேற்றுச் சாயங்காலம் ஆசையில், வேண்டுமென்றே கூட்டலில் அடித்தேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது.

"தெரிஞ்சே... அடிக்கிற."

"ஆமாங்க," என்றேன். "இன்னொரு தடவ திட்டுங்க."